மில் சர்வீஸ், சபை ஊழியம்: ஓய்வுக்குப் பின் எது உங்களுடையது?

வாசகர் கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

அவருக்கு வயது 63. ஒரு நூற்பாலையில் 1996 ஜூன் முதல் 2020 ஜூன் வரை எலெக்ட்ரீஷியன். 1999-ல் ஊழியத்துக்குப் பிரதிஷ்டை செய்யப்பட்டு, சுயாதீன பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகராக 24 ஆண்டு இருந்திருக்கிறார். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பிரசங்கத்துக்கு நிற்பதுதான் பல வருட வழக்கம். சபையிலிருந்து சம்பளம் வாங்கியதில்லை. அவ்வப்போது அன்பின் காணிக்கை மட்டும். 2023-ல் பொறுப்பை இளைய போதகர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

சபை நிற்கும் நாலரை சென்ட் இடம் 2004-ல் அவர் பெயரில் வாங்கப்பட்டது. மொத்த விலை 3,10,000 ரூபாய். அதில் 1,20,000 அவர் பி.எஃப். முன்பணம், மீதி சபையார் காணிக்கை. பின்புறம் உள்ள இரண்டு அறைகளில் அவரும் மனைவியும் இன்றும் குடியிருக்கிறார்கள். "இடம் உங்க பேர்லதானே இருக்கு, எதுக்குக் கொடுக்கணும்" என்கிறார் மகன். "அது கர்த்தருடைய இடம்" என்கிறார் மகள். சபைக் கமிட்டி பத்திரத்தை மாற்றித் தரச் சொல்கிறது. 24 ஆண்டு உழைப்புக்குச் சபையிடம் பணிக்கொடை கேட்டு வழக்குப் போடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்துவிட்டதால் பென்ஷன் கிடையாது என்று அவரே முடிவு செய்துகொண்டிருக்கிறார். இதற்கிடையே, உடன் வேலை பார்த்தவரின் மகன் ஜனவரியில் தன் திருமணத்தை இவர்தான் நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

போதகர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த தாள்களைப் பிரித்து வைத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மில் வாழ்க்கைக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பணிக்கொடைக் கணக்கு என்று எல்லாம் இருக்கிறது. சபை வாழ்க்கைக்கு ஒரு பத்திரமும், பிரதிஷ்டைச் சான்றும், சில புகைப்படங்களும்தான். உங்கள் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த வித்தியாசத்திலிருந்து வருபவை. மில் வேலையால் உங்களுக்கு வர வேண்டியதை நீங்கள் கேட்கவில்லை. சபையிடம் சட்டப்படி கேட்க முடியாததைக் கேட்கலாமா என்று யோசிக்கிறீர்கள். சபையுடையது சில உங்கள் பெயரிலேயே நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

உங்கள் பென்ஷன் போகவில்லை

நீங்கள் 2020-ல் எடுத்தது வருங்கால வைப்பு நிதி. அதற்குப் படிவம் 19. ஓய்வூதியம் 1995-ம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் வரும் தனிக் கணக்கு. முதலாளி பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் மாதாமாதம் அதற்குத்தான் போயிற்று. 10 ஆண்டு சர்வீஸ் முடித்தவர் அந்தப் பணத்தை மொத்தமாக எடுக்கவே முடியாது; பென்ஷனாக மட்டுமே வாங்க முடியும். ஆகவே "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு" என்று மில் அலுவலகத்தில் சொன்னது பாதி உண்மை. நீங்கள் கொடுக்காமல் விட்டது பென்ஷனுக்கான படிவம் 10டி.

பென்ஷன் 58 வயது முடிந்த மறுநாளிலிருந்து உரியது. தாமதமாக விண்ணப்பித்தாலும் அந்த நாளிலிருந்து நிலுவையைக் கேளுங்கள். நீங்கள் ஞாயிறுதோறும் ஊழியம் செய்ததற்கும், காணிக்கை வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

தோராயமாக எவ்வளவு வரும்? கணக்கு இதுதான்: ஓய்வூதியச் சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 31.8.2014 வரையிலான சர்வீஸுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500. அதற்குப் பிறகு 15,000. உங்களுக்கு முதல் பகுதி 18 ஆண்டு, இரண்டாம் பகுதி 5 ஆண்டு 10 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் அது 6 என்று எடுத்துக்கொள்ளப்படும். கடைசி 60 மாதச் சராசரி 12,000 என்று உங்கள் சீட்டுகள் காட்டுகின்றன. முதல் பகுதிக்குச் சுமார் 1,671, இரண்டாவதற்குச் சுமார் 1,029. இருபது ஆண்டு தாண்டியவருக்கு இரண்டு ஆண்டு போனஸ் சேரும். எல்லாம் கூட்டினால் மாதம் 2,900 ரூபாயை ஒட்டி வரும். பெரிய தொகையில்லைதான். ஆனால் ஐந்து ஆண்டு நிலுவை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொடும். உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கு அதில் பாதி தொடரும். அவருக்கு வேறு வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படிவம் அவருக்காகவும்தான்.

விண்ணப்பம் எங்கே திரும்பி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மில் பதிவில் உங்கள் பள்ளிப் பெயர் இருக்கிறது. ஆதாரில் ஞானஸ்நானத்துக்குப் பின் வைத்துக்கொண்ட பெயர். இரண்டும் முழுக்க வேறு. இப்படியே 10டி கொடுத்தால் நிராகரிப்பு நிச்சயம். முதலில் அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பின் நகலைத் தேடி எடுங்கள். அது இல்லையென்றால் புதிதாக வெளியிட விண்ணப்பியுங்கள். அதை வைத்து மில் நிர்வாகமும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி மூலம் பி.எஃப். பதிவைத் திருத்த வேண்டும். அதன் பிறகே 10டி. மனைவியோடு எடுத்த சேர்ந்த புகைப்படம், உங்கள் பெயர் தெளிவாக உள்ள வங்கிப் பாஸ்புக் நகல், ஆதார், வயதுச் சான்று தேவைப்படும். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவருடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் நாளை அவர் தனியாக அலைய வேண்டியிருக்கும். பென்ஷன் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று மறக்காதீர்கள். மறந்தால் பணம் நின்றுவிடும்.

பணிக்கொடை 1,80,000 வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசிச் சம்பளம் 13,000-ஐ 15-ஆலும் 24-ஆலும் பெருக்கி 26-ஆல் வகுத்தால் அதேதான். மில் அதில் குறை வைக்கவில்லை.

சபை மேல் வழக்கு வேண்டாம்

உறவினர் சொல்வது உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்வது. ஆனால் வழக்கு நிற்காது. பணிக்கொடைச் சட்டத்துக்குள் வர, ஒரு நிறுவனத்தில் 10 பேராவது வேலையில் இருக்க வேண்டும். வாங்கியது ஊதியமாக இருக்க வேண்டும். உங்கள் சபையில் சம்பளத்துக்கு ஒருவருமில்லை. உங்களுக்கு நியமன உத்தரவு இல்லை, மாதச் சம்பளம் இல்லை. அன்பின் காணிக்கையை ஊதியம் என்று நிரூபிக்கப் போனால், இத்தனை வருடம் "நான் சம்பளத்துக்கு ஊழியம் செய்யவில்லை" என்று நீங்கள் மேடையில் சொன்னதையே எதிர்த் தரப்பு எடுத்துப் போடும்.

பேராயம் உள்ள சபைகளின் குருமாருக்கு ஓய்வூதிய ஏற்பாடு இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளுகிறது. மேலே பேராயர் இல்லை. மேலிருந்து வரும் நிதியும் இல்லை. யாரும் உங்களை இடம் மாற்ற முடியாமல் 24 ஆண்டு ஒரே இடத்தில் வைத்திருந்ததும் அதே சுதந்திரம்தான்.

வழக்கு இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. சபைக் கூட்டம் விரும்பினால் உங்களுக்கு ஓய்வுக்கால அன்பளிப்பு கொடுக்கலாம். சபை சங்கமாகப் பதிவாகியிருக்கிறது. நீங்கள் இன்னும் அதன் தலைவர் என்பது பதிவில் உள்ளது. அதனால் தீர்மானம் நிறைவேறும் நாளில் நீங்கள் நாற்காலியில் இருக்கக் கூடாது. வேறொருவர் தலைமை தாங்கட்டும். தொகையும் காரணமும் மினிட் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். பணம் சபைக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக வர வேண்டும். பொறுப்பில் இருப்பவருக்கே சங்கப் பணம் போவதை வருமான வரித்துறை கேள்வி கேட்கும். செய்த பணிக்கு நியாயமான தொகை, முறையான தீர்மானம் இரண்டும் இருந்தால் பதில் சொல்லலாம்.

நாலரை சென்ட் இடம்

இதில் உங்கள் மகன் சொல்வதும் சரியில்லை, மகள் சொல்வது மட்டும் போதுமானதுமில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உயில் இல்லாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. அதாவது ஞானஸ்நானத் தொட்டியும் பிரசங்க பீடமும் மூன்று பேர் பேரில் வந்து நிற்கும். சபை நீதிமன்றம் போகும். அடுத்தவர் பணத்தில் ஒருவர் பெயரில் வாங்கும் சொத்தைப் பினாமிச் சட்டம் தடுக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பில் மற்றவருக்காக வைத்திருப்பவருக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. நீங்கள் அந்த விலக்குக்குள் வருபவர் என்பதைச் சொல்லக்கூடிய சிறந்த சாட்சி நீங்கள்தான், அதுவும் உயிரோடு இருக்கும்போது. 2004-ம் ஆண்டுக் காணிக்கை நோட்டு, பி.எஃப். முன்பணம் வந்த பாஸ்புக் பக்கம் இரண்டையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். அந்த நோட்டில் மையும் தாளும் போய்க்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கிறிஸ்தவர் சபைக்கு உயில் எழுதினால் செல்லாது என்று யாரோ சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது பழைய கதை. வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ம் பிரிவு, நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் மதக் காரியங்களுக்கு உயில் எழுதுவதற்கு, இறப்புக்கு 12 மாதம் முன்பே எழுத வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் ஜான் வள்ளமட்டம் வழக்கில் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. எனவே உயில் ஒரு வழிதான், செலவும் குறைவு. ஆனால் உயில் உங்களுக்குப் பிறகே பேசும். மகனின் மனநிலையைப் பார்த்தால், நீங்கள் இல்லாதபோது அது பேசத் தொடங்குவது நல்லதல்ல.

என் யோசனை, சங்கத்தின் பெயருக்கு இப்போதே பதிவு செய்த தான செட்டில்மென்ட். குடும்பத்துக்கு வெளியே எழுதுவதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். நாலரை சென்ட் என்பது சுமார் 1,960 சதுர அடி. நீங்கள் சொன்ன வழிகாட்டி மதிப்பு 600-ல் நிலம் மட்டும் 11,76,000. அதற்கு 1,05,840 ரூபாய். கட்டடத்தின் மதிப்பும் சேரும். இந்தச் செலவைச் சபை ஏற்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

தானம் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது. ஆகவே பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, உங்கள் 1,20,000. அதைக் காணிக்கையாக விட்டுவிடுவதா, சபை திருப்பித் தருவதா என்பது உங்கள் விருப்பம்; எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். பெருந்தன்மையாக வாயால் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிறகு மனதுக்குள் வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லதில்லை, புதுப் போதகருக்கும் நல்லதில்லை.

இரண்டு, அந்த இரண்டு அறைகள். "ஐயா இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்" என்று கமிட்டி சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கமிட்டி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். பத்திரத்திலேயே உங்களுக்கும், உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கும் அந்த அறைகளில் வாழ்நாள் அனுபவ உரிமை என்று தனிப் பத்தி போடுங்கள். அறைகளின் நீள அகலம், கழிப்பறைக்கும் குழாய்க்கும் போகும் வழி, மின் மீட்டர் எது என்பதுவரை எழுதுங்கள். "பின்புறப் பகுதி" என்று மட்டும் எழுதினால், நாளை பின்புறம் எது என்றே தகராறு வரும். மகனையும் மகளையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சட்டப்படி அவர்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர் பிறகு தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் சபைப் பெயருக்கு மாற்ற வேண்டும். கட்டட அனுமதி வீடு என்று வாங்கப்பட்டதா, வழிபாட்டிடம் என்றா என்பதையும் பாருங்கள். வழிபாட்டிடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தனி. அது இல்லையென்றால் அந்த வேலையை இனி சபை பார்க்கட்டும்.

காணிக்கைப் பெட்டிக்கு மேல் உள்ள ஸ்டிக்கர்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சபை வாசலில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கர் இன்னும் உங்கள் சொந்தக் கணக்குக்குத்தான் போகிறது. மாதம் 9,000 ரூபாய் அளவில் வரும், எடுத்துப் புதுப் போதகரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று. எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான்.

ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் உங்கள் பெயரில் வருகிறது. வெளியே போனதற்கு ஒரு சீட்டும் இல்லை. காணிக்கைக்கு வரி கிடையாது என்ற எண்ணம் தவறு. வரி விலக்கு, அதற்கான பதிவு பெற்ற சபைக்கு. தனி மனிதர் கைக்கு வருவது அவர் வருமானம். உறவினரல்லாதோரிடமிருந்து ஓராண்டில் 50,000-க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும். உங்கள் மொத்த வருமானத்துக்கு இப்போது வரி வராது என்பது சரி. ஆனால் வரியை விடப் பெரிய ஆபத்து, நாளை யாராவது "ஐயா கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தார்" என்று கேட்பது. நேர்மையாளருக்கும் அந்தக் கேள்விக்குத் தாள் வேண்டும்.

ஸ்டிக்கரை இந்த வாரமே கிழித்துவிட்டு, சபைக் கணக்கின் பெயரில் புதிது வாங்கச் சொல்லுங்கள். 2023 முதல் வந்தவற்றை வங்கி ஸ்டேட்மென்ட்டில் கோடிட்டு, ரொக்கமாகக் கொடுத்ததற்குப் புதுப் போதகரிடமும் பொருளாளரிடமும் ஒரு ரசீது வாங்குங்கள். சபைக் கணக்கில் காசோலைக் கையெழுத்து இன்னும் உங்களுடையதுதானே? தீர்மான நகலோடு வங்கிக்குப் போய் அதையும் மாற்றுங்கள். கையில் உள்ள காசோலைப் புத்தகத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். சங்கத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவதையும் பதிவுத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இது தான பத்திரம் முடிந்த பிறகு ஆகட்டும்.

ஜனவரித் திருமணம்

பிரதிஷ்டைச் சான்று இருந்தால் திருமணம் நடத்தலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பேராயரால் அபிஷேகம் பெற்ற குருமாருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாப்டிஸ்ட் போதகருக்கு வேறு வழி. உங்களுக்கு 6-ம் பிரிவின் கீழ் மாநில அரசு தரும் லைசென்ஸ் வேண்டும். அது ஆளுக்குத் தருவது, சபைக்கு அல்ல. பகுதிநேரமா முழுநேரமா என்று சட்டம் கேட்கவில்லை. மற்ற ஊழியர்கள் உங்களைப் 'பார்ட் டைம் பாஸ்டர்' என்று சொல்வது உறுத்துவதாக எழுதியிருந்தீர்களே, பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் 1794-ல் அவுரித் தொழிற்சாலை மேலாளராக வேலை பார்த்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார். அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலும் எடை இல்லை, உங்கள் சபை வரலாற்றிலும் இல்லை.

இதுவரை நடந்த திருமணங்களுக்குப் பக்கத்து ஊரின் லைசென்ஸ் பெற்ற மூத்த போதகர் கையெழுத்திட்டார், அவர் காலமாகிவிட்டார் என்கிறீர்கள். அவரே முன்னின்று நடத்தியிருந்தால் பழையவற்றுக்குப் பிரச்சினை இல்லை. இனிமேல்தான் கவனம். அதிகாரம் இல்லாதவர் நடத்திய திருமணம் 4-ம் பிரிவுப்படி செல்லாததாகிவிடும். நடத்தியவருக்கு 68-ம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. மணமக்களுக்குப் பாஸ்போர்ட், விசா, வாரிசுச் சான்று எல்லாம் சிக்கும்.

லைசென்ஸுக்கு இப்போது விண்ணப்பித்து ஜனவரிக்குள் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள பாப்டிஸ்ட் போதகர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மணமக்கள் எழுத்துமூல அறிவிப்பை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அறிவிப்பைப் பெற்றதற்கு அவர் தரும் சான்று இரண்டு மாதத்துக்குச் செல்லும்; ஆகவே மிகவும் முன்கூட்டி வாங்கிவிடக் கூடாது. திருமணம் ஆலயத்தில், காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில். மண்டபத்தில் வரவேற்பு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பதிவேட்டிலும் அதோடு இணைந்த அடிக்கட்டைச் சான்றிலும் அந்தப் போதகரும் மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அந்த அடிக்கட்டைச் சான்று ஒரு மாதத்துக்குள் திருமணப் பதிவாளருக்குப் போக வேண்டும்.

உடன்படிக்கையைச் சொல்லவைத்து, இருவரையும் கணவன் மனைவி என்று அறிவித்துக் கையெழுத்திடுவது லைசென்ஸ் உள்ளவர். வேத வாசிப்பும் பிரசங்கமும் ஜெபமும் நீங்கள் செய்யலாம். அதற்கு யாருடைய லைசென்ஸும் வேண்டாம். இதை அந்தப் பையனின் அப்பாவிடம் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் 'திருமணத்தை நடத்துபவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் வராமல், 'தேவசெய்தி' என்ற இடத்தில் வரட்டும்.